நாங்கள் போறம்

அத்தியாயம் பதினேழு

சிந்துஜன் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னது இவ்வளவுதான்.

“டிசம்பரிலை நாங்கள் ஸ்ராஸ்பூர்க் போறம். கிறிஸ்மஸ் மார்க்ட் பாக்க. வெள்ளி போய் ஞாயிறு வாறது.”

சொல்லிவிட்டுக் கோழிக்காலைக் கடித்தான். மிச்சம் எல்லாவற்றையும் அவனுடைய தாய் சிவமலர் தானே சேர்த்துக்கொண்டாள். அதை அவளுடைய குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே பிள்ளை. கலியாணம் முடித்துச் சோலோதுர்னுக்குக் குடிபோனபிறகு எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிடுகிறவன். பக்கத்தில் மருமகள் லக்சாயினி, எதிரில் அப்பா நித்தியானந்தன். நாலு பேர் இருந்த மேசையில் ஒருவன் “நாங்கள்” என்றால் வேறு என்னவென்று நினைப்பது?

சிவமலர் ஓல்டனுக்கு வந்து இருபத்தாறு வருடம். சுவிஸின் பாதி ரயில்கள் நின்று போகிற ஊர் அது. ஆனால் அவள் ரயில் ஏறியதெல்லாம் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று ஏதோ ஒரு வீட்டுக்குத்தான். சும்மா பார்ப்பதற்கென்று ஓர் ஊருக்குப் போவது அவள் வாழ்க்கையில் இதுவரை நடக்கவில்லை. அதனால்தான் பிறகு வந்த மூன்று கிழமையும் அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. நத்தார் மாதத்தில் ஒரு வார இறுதி முழுவதும் லீவு கேட்டால் யார் தருவார்கள்? கூட வேலை செய்கிற சாருஜாவைப் பிடித்தாள். நத்தார் நாட்களில் சாருஜாவின் வேலையையும் தானே செய்வதாகச் சொல்லி இந்த நாட்களை மாற்றிக்கொண்டாள். சாருஜாவுக்குக் கசக்குமா என்ன?

பிறகு திட்டம் போடத் தொடங்கினாள். இல்லத்தில் இருக்கும் வயதான பெண்மணி ஒருவர் கலியாணமான புதிதில், எல்லைக்கு அப்பால் பிரான்சில் இருக்கிற அந்த ஸ்ராஸ்பூர்க்குக்குப் போனவராம். அவருடைய அறையைத் துடைக்கும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டாள். பெரிய தேவாலயத்துக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. மத்தியானத்தில் அதிலிருந்து பொம்மைகள் ஊர்வலம் வரும். பார்ப்பதென்றால் முன்னரே போய் இடம் பிடிக்க வேண்டும். முதல் நாள் பின்னேரம் பெரிய நத்தார் மரம். அடுத்த நாள் ஆற்றோரத்து மரவீடுகளும், மார்க்ட் என்கிற நத்தார்ச் சந்தைக் கடைகளும். தாளில் சுற்றித் தருகிற சுட்ட மறோனிக் கொட்டை எல்லாருக்கும் ஒவ்வொரு பொட்டலம்.

இதையெல்லாம் நித்தியானந்தனுக்கு ஒப்புவிப்பாள். அவர் “ஓம், ஓம்” என்பார்.

ரயிலில் சாப்பிடப் பயத்தம் உருண்டை பிடித்து வைத்தாயிற்று. உள்ளே கம்பளி வைத்த பனிச் சப்பாத்தும் வாங்கியாயிற்று. வெளியூர்க் கடைத்தெருவில் மருமகளுக்குப் பக்கத்தில் தேய்ந்த சப்பாத்தோடு நடந்தால் பிள்ளைக்கல்லவா மரியாதைக் குறைவு.

இப்படியாக வந்து சேர்ந்தது அந்தப் புதன்கிழமை. இடையில் ஒரே ஒரு நாள்தான்.

*

தேநீர் இடைவேளையில் தொலைபேசி அடித்தது. எம்மன்புரூக்கேயிலிருந்து சிவகலா. லக்சாயினியின் தாய்.

“மலரக்கா, வேலையோ? கனநேரம் மினக்கெடுத்த மாட்டன். லக்சாயின்ர பிறந்தநாளுக்கு ஒரு மண்ணிறக் கம்பளிச் சால்வை போட்டுக்கொண்டு வந்தியளெல்லோ, அதை ஒருக்கா இரவலாத் தருவியளோ? வெள்ளிக்கிழமைக்கு.”

“ஐயோ, எனக்கும் வெள்ளிக்கிழமை தேவையெல்லோ.”

“ஏனக்கா, நீங்கள் எங்க போறியள்?”

“எங்க போறது, ஸ்ராஸ்பூர்க்தான். அப்ப நீங்களும் வாறியளோ? பாருங்கோவன், பிள்ளையள் ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் சிவமலருக்குச் சந்தோசம்தான். ஆறு பேர் என்றால் இன்னும் கலகலப்பாக இருக்கும் என்று நினைத்தாள். பயத்தம் உருண்டை போதுமா என்றுகூட மனம் கணக்குப் பார்த்தது.

“சிவகலா? கேக்குதோ?”

“கேக்குதக்கா.” குரல் இறங்கிவிட்டது. “உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, நீங்கள் வரேல்லையெண்டு சிந்துஜன் தம்பி சொன்னவர். அதாலைதான் நாங்கள் நாலு பேருக்கெண்டு வீடு எடுத்தது. நான் ஏதும் பிழையா விளங்கியிட்டனோ தெரியேல்லை.”

குளிர் ஒத்துக்கொள்ளாதாம். இருபத்தாறு மாரிகாலம் விடியுமுன்பே ஆற்றுப் பாலத்தைக் கடந்து, முகத்தில் பனி அடிக்க அடிக்க வேலைக்கு நடந்தவளுக்கு.

ஆனால் சிவமலர் என்ன சொன்னாள் தெரியுமா? பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை அந்த மனுசிக்கு.

“ஓமோம், குளிர்தான். நான் வேற ஏதோ யோசினையில கதைச்சிட்டன். சால்வையை இண்டைக்குத் தம்பியிட்டக் குடுத்துவிடுறன்.”

“வேண்டாமக்கா, நான் வேற ஏதும் பாக்கிறன்...”

“குடுத்துவிடுறன்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அந்த வயதான பெண்மணியின் அறையைத் துடைக்கப் போனாள். “நாளைக்கு மறுநாள் கிளம்புகிறாயல்லவா, கடிகாரத்தை மறந்துவிடாதே” என்று அவர் ஜெர்மனில் சொன்னார். மறக்கமாட்டேன் என்று சிவமலர் சொன்னாள். வேலை நேரத்தில் அழுதால் மூக்குச் சிவந்து எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று குனிந்து தரையைத் துடைத்தாள்.

*

புதன்கிழமை பின்னேரங்களில் சுவிஸ் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம். சிவமலர் அங்கே மூன்றாம் வகுப்பு ரீச்சர்.

அன்றைக்குப் படிப்பிக்க வேண்டியது பருவகாலங்கள். அவள் கரும்பலகையை அழித்துவிட்டு இரண்டு சொற்களை எழுதினாள். நாம். நாங்கள்.

வருடா வருடம் இதைப் படிப்பிக்கிறவள்தான். கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். கேட்கிறவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

யாதவி கையை உயர்த்தினாள். எதையும் கேள்வி கேட்காமல் விடாத பிள்ளை.

“ரீச்சர், வீட்டில ரெண்டுக்கும் நாங்கள் எண்டுதானே சொல்லுறம். ஒருத்தரும் நாம் எண்டு சொல்லுறேல்லை. அப்ப எங்களையும் சேத்துத்தான் சொல்லுகினம் எண்டு என்னெண்டு தெரியும்?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வியில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்து வாய்க்கு எல்லாமே நாங்கள்தான். நாம் என்பது புத்தகத்தில் மட்டும் குடியிருக்கிற சொல்.

“சொல்லுறவர் ஆரைப் பாத்துச் சொல்லுறார் எண்டு பாக்கோணும்,” என்றாள் சிவமலர். “எங்கட முகத்தைப் பாத்துச் சொன்னா நாங்களும் சேத்தி.”

சொன்னபிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்தது. சிந்துஜன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத்தான் சொன்னான். நித்தியானந்தனையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. படிப்பிக்கிறவளுக்கே பாடம் தெரியாமல் போய்விட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று கிழமையாகச் சந்தோசப்பட்டதை நினைக்க நினைக்க வெட்கம் கூடிக்கொண்டே போனது.

*

புதன்கிழமைகளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சூரிச்சில் வேலை முடித்து வரும் சிந்துஜன் ஓல்டனில் ரயில் மாறுவான். அடுத்த ரயில் வருவதற்குள் தாய் மேடையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பாள். ஒரு பெட்டியில் அவனுக்கும் லக்சாயினிக்கும் காணும்.

அன்றும் நின்றாள். ஒரு கையில் பெட்டி, மற்றக் கையில் பையில் சுற்றிய சால்வை.

சிந்துஜன் நல்ல மேலங்கியும் தோற்பையுமாக இறங்கி வந்தான். “என்னம்மா இண்டைக்கு, நண்டோ?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினான்.

“சிவகலா எடுத்தவ,” என்றாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

“என்னவாம்?”

“சால்வை வேணுமாம். வெள்ளிக்கிழமைக்கு.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தான். பிறகு மென்று விழுங்கிக்கொண்டு கேட்டான்.

“அப்பா உங்களிட்டச் சொல்லேல்லையோ?”

இதைச் சிவமலர் எதிர்பார்க்கவில்லை. “அப்பா என்ன சொல்லுறது?”

“அண்டைக்கு இரவு நீங்கள் போன் எடுத்து, ரயிலுக்குப் பயத்தம் உருண்டை செய்யட்டோ எண்டு கேக்கத்தான் எனக்கே விளங்கினது, நீங்கள் மாறி நினைச்சிட்டியள் எண்டு. அடுத்த நாளே அப்பாக்குச் சொன்னனான். நாங்கள் லக்சாயி வீட்டு ஆக்களோட போறம், அம்மாவுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்கோ எண்டு. அவர் ஓமெண்டவர்.”

“என்னட்டச் சொல்ல உனக்கு வாய் இல்லையோ?”

“எப்பிடியம்மா சொல்லுறது?”

“குளிர் ஒத்துக்கொள்ளாதெண்டு சம்பந்தி ஆக்களிட்டச் சொல்ல வந்ததுதானே வாய்.”

பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். சிந்துஜன் குரலைத் தாழ்த்தினான். “அம்மா, இஞ்ச வச்சு வேண்டாம். வீட்டை வந்து கதைப்பம்.”

“வீட்டை வந்து நீ கதைக்க மாட்டாய். ஏன் எண்டு மட்டும் சொல்லு. ரயில் வரமுன்னம் சொல்லு.”

“ஸ்ருட்கார்ட் ஞாபகம் இருக்கோ?”

இருக்காமல் என்ன? போன பங்குனியில் அந்த ஜெர்மன் ஊரில் லக்சாயினியின் சொந்தத்தில் ஒரு கலியாணவீடு. இரண்டு குடும்பமும் ஒரே ஹோட்டல். காலையில் லக்சாயினியின் தகப்பன் பாலச்சந்திரன் சாப்பிடக் கூப்பிடுவதற்காகக் கதவைத் தட்டியபோது, சிவமலர் குளியலறையில் முழங்காலில் நின்று தொட்டியை உரஞ்சிக்கொண்டிருந்தாள். கட்டில் இரண்டும் இல்லத்தில் விரிப்பது போலச் சுருக்கம் இல்லாமல் விரித்திருந்தது. பாலச்சந்திரன் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், சம்பந்தி ஸ்ருட்கார்ட்டிலும் வேலை எடுத்துவிட்டார் என்று. மேசையே சிரித்தது.

“அண்டைக்கு எல்லாரும் சிரிச்சவை,” என்றான் சிந்துஜன். “எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?”

“நானும் சிரிச்சனான்தானேயப்பன்.”

“அதுதானம்மா.”

சிவமலருக்கு ஒன்றும் ஓடவில்லை. பாலச்சந்திரன் செல்லமாகப் பகிடி விடுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்துச் சிரித்தாள். இப்போதுதான் தெரிகிறது, மேசையில் எல்லாரும் ஒரு சிரிப்புச் சிரிக்க, அவள் வேறொரு சிரிப்புச் சிரித்திருக்கிறாள்.

“அந்த ஹோட்டல்ல கூட்டிற பிள்ளை வயித்தில பிள்ளையோட குனிய ஏலாமல் நிண்டது,” என்றாள் மெதுவாக. “எங்கட அறை ஒண்டாவது குறையட்டும் எண்டு செய்தனான்.”

“அது உங்கட வேலையில்லை.”

அந்த வேலையால்தான் நீ படிச்சனீ என்று சொல்லலாம். எத்தனை கதைகளில் எத்தனை தாய்மார் சொல்லிவிட்டார்கள். சிவமலருக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் தலையைக் குனிவான், அதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ரயில் வந்து நின்றது. சனம் இறங்கியது.

“சரி, இப்ப என்ன, நீங்களும் வாங்கோ,” என்றான் அவசரமாக. “பக்கத்தில இன்னொரு அறை கிடைக்குதோ எண்டு பாக்கிறன்.”

“பாக்க வேண்டாம்.”

“கோவிக்காதேங்கோம்மா.”

“ஏறு. கதவு சாத்தப் போறான்.”

அவன் ஏறினான். ஏறிவிட்டுத் திரும்பினான். பழக்கதோசம், கை தானாக நீண்டது. சிவமலர் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்தாள். சால்வைப் பையையும் கொடுத்தாள்.

கதவு மூடியது. ரயில் போனபிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மகன்மேல் வந்த கோபத்தைவிட, அந்தப் பெட்டியைக் கொடுத்த தன் கைமேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. ஒரு நாளைக்காவது அந்தக் கையால் கொடுக்காமல் இருக்க முடியவில்லையே.

*

நித்தியானந்தன் பொருட்கிடங்கு வேலையிலிருந்து வந்து, குளித்து, குசினி மேசையில் இருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை. அதிலேயே விசயம் தெரிந்தது. மகன் ரயிலில் இருந்தே அவருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டான்.

சிவமலர் மேலங்கியைக் கழற்றிக் கொழுவினாள். அலமாரியிலிருந்து புதுச் சப்பாத்துப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதை வாங்கேக்கை கடையிலயிருந்து ஆர் காவிக்கொண்டு வந்தது?”

“நான்தான்.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமோ?”

நித்தியானந்தன் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்தார், விரித்தார். “தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டே காவினனீங்கள்.”

“நீர் சந்தோசமா இருந்தனீர் மலர். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு பாத்தன்.”

“மணிக்கூட்டைப் பற்றி உங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்? பொம்மையள் வாறதெண்டு, முன்னுக்கே போய் நிக்கோணுமெண்டு. விசரி மாதிரிக் கதைச்சுக்கொண்டிருந்தனான். நீங்கள் ஓமோம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்.”

மகன் செய்ததை அவள் நாளைக்கோ மறுநாளோ எப்படியாவது பூசி மெழுகித் தனக்குத்தானே நியாயம் சொல்லிவிடுவாள். பெற்றவளின் மனம் அதற்குப் பழகியது. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் அவளுடைய சந்தோசத்தைப் பொய் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்த இந்த மனுசனை என்ன செய்வது? இருபத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. நல்ல மனுசன் என்று ஊரெல்லாம் பேர். அந்த நல்ல மனுசன்மேல் அன்றைக்கு அவளுக்கு வெறுப்பே வந்தது.

மேசையில் கிடந்த தொலைபேசி அதிர்ந்தது. லக்சாயினியின் பெயர். சிவமலர் அதைக் கவிழ்த்து வைத்தாள். அது அடங்கி, மறுபடியும் அதிர்ந்தது.

“எடும்,” என்றார் நித்தியானந்தன். “பிள்ளை பாவம். அவளுக்கு இதொண்டும் தெரியாதெண்டு சிந்து சொன்னவன்.”

“பிறகு பாப்பம்.”

“மலர், நான் ஒண்டு சொல்லட்டே?” அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். “லீவு எடுத்தது எடுத்ததுதானே. நாங்கள் எங்கையாவது போவம். பேர்ணிலயும் மார்க்ட் இருக்கு. காலமை போனால் பின்னேரம் வந்திடலாம்.”

“எந்த நாங்கள்?”

அவருக்கு விளங்கவில்லை. “நீரும் நானும்தான்.”

சிவமலர் கதிரையில் இருந்து பழைய சப்பாத்தைக் கழற்றினாள். புதியதை எடுத்துக் காலில் நுழைத்தாள். நடந்து பழக்காவிட்டால் குதிக்காலைக் கடிக்கும்.

“நான் போறன்,” என்றாள்.

“எங்க?”

“ஸ்ராஸ்பூர்க்.”

“அங்கதானே அவையளும்...”

“ஓம். அவையள் போகினம். நான் போறன். சின்னதா ஒரு அறை எடுப்பன். எழும்பினா எழும்பினபடி கட்டிலை விட்டிட்டு வெளிக்கிட்டுப் போவன். மத்தியானம் மணிக்கூட்டுக்கு முன்னால நிப்பன். ஆரும் என்னைக் கண்டால் காணட்டும்.”

நித்தியானந்தன் பயந்துவிட்டார். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டார். அழுதிருந்தால் தேற்றியிருப்பார். வேறு சொல்ல ஒன்றும் அகப்படாமல், வாயில் வந்ததைச் சொன்னார்.

“சால்வையையும் குடுத்துவிட்டிட்டீரே. அங்க சரியான குளிராம்.”

சிவமலர் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். எழுந்து குசினிக்குள் இரண்டு அடி நடந்து பார்த்தாள்.

“எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளும்,” என்றாள்.